பெரியவர்களின் சின்ன ரயில்கள்

2019ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டனிலிருந்து வெளியாகும் 'றெயில்வே மொடலர்' என்ற மாத சஞ்சிகை, உலகப் புகழ்பெற்ற ரொக் பாடகர் ரொட் ஸ்டுவேர்ட்டைப் பற்றி விசேட கட்டுரையொன்றை வெளியிட்டது. பாடகருக்கும் ரயில் சஞ்சிகைக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் வியந்தார்கள். லொஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தமது வீட்டின் மேல்மாடியில், 1940களின் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றை, அதன் வானளாவிய கட்டடங்கள், தொழிற்சாலைகள், பாலங்கள், தண்டவாளங்கள் சகிதம் அவர் சிறிய உருவில் கட்டியெழுப்பியிருந்தார். 124 அடி நீளமும் 23 அடி அகலமும் கொண்ட அந்த நகரத்தை உருவாக்க அவருக்கு 23 ஆண்டுகள் பிடித்தன. இசைப் பயணம் போகுமிடங்களில் மேலதிகமாக ஒரு ஹோட்டல் அறையை எடுத்து, அங்கும் கட்டட மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தார். வானொலி அறிவிப்பாளர் ஒருவர், இதை அவரே செய்திருக்கமாட்டார் என்ற தொனியில் பேசியபோது, உடனடியாகத் தொலைபேசியில் அழைத்துப் பத்தில் ஒன்பது பங்கு தமது கைவேலையே என்று திருத்தினார். அப்போது அவருக்கு வயது 74.

புகழும் செல்வமும் வேண்டிய அளவு கண்டுவிட்ட ஒரு மனிதர், சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்று நாம் கருதும் ஒன்றின்மீது கால் நூற்றாண்டுக் காலத்தைச் செலவிட்டது ஏன்? அவர் தனியொருவரும் அல்லர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வைத்தியர்கள், மதகுருமார், பொறியியலாளர்கள், ஓய்வுபெற்ற தபால் ஊழியர்கள் என்று எண்ணற்றவர்கள் தங்கள் வீடுகளின் மேல்மாடிகளிலும் நிலவறைகளிலும் வாகனக் கொட்டகைகளிலும் இந்தச் சின்ன உலகங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், விளையாட்டைவிடப் பெரிய விடயம் ஒன்று அதற்குள் இருப்பது தெரியவரும்.

ஆரம்பத்தில் இது விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. ஜேர்மனியின் கொப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மார்க்ளின் நிறுவனம், பெண் பிள்ளைகளின் பொம்மை வீடுகளுக்கான தகரச் சாமான்களைச் செய்து விற்றுவந்தது. நிறுவுநர் சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட, அவருடைய மனைவி கரொலின் தொழிலைத் தூக்கி நிறுத்தினார். 1891ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலக் கண்காட்சியில் அந்த நிறுவனம், சாவி கொடுத்து ஓடும் ரயில் ஒன்றை எட்டு வடிவத் தண்டவாளத்துடன் காட்சிக்கு வைத்தது. அதற்கு முன்னரும் விளையாட்டு ரயில்கள் இருந்தன. மார்க்ளின் கொண்டுவந்த புதுமை, தண்டவாளத்தின் அகலத்தைத் திட்டவட்டமாக வரையறுத்து, அந்த அகலங்களுக்கு இலக்கங்கள் கொடுத்தமைதான். இந்த வருடம் வாங்கிய ரயிலுக்கு அடுத்த வருடம் ஒரு பெட்டி, அதற்கடுத்த வருடம் ஒரு பாலம், பின்னர் ஒரு நிலையம் என்று வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒருபோதும் முற்றுப்பெறாத விளையாட்டுப் பொருள் என்பது அன்றைக்குப் பெரிய வணிகக் கண்டுபிடிப்பு. முற்றுப்பெறாத அந்தத் தன்மையே பிற்காலத்தில் பெரியவர்களையும் கட்டிப்போட்டது என்று கருதுகிறேன்.

அமெரிக்காவில் ஜோசுவா லயனல் கோவன் என்பவர் 1900ஆம் ஆண்டு லயனல் கம்பனியை ஆரம்பித்தார். அவருடைய முதல் மின்சார ரயில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடி வழிப்போக்கர்களின் கண்ணைக் கவர்வதற்காகச் செய்யப்பட்டது. கடைக்குள் வந்தவர்களோ, விற்பனைக்கு இருந்த பண்டங்களை விட்டுவிட்டு அந்த ரயிலையே விலைக்குக் கேட்டார்கள். லிவர்பூலில் இறைச்சி இறக்குமதியாளர் ஒருவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த பிராங் ஹோர்ன்பி, தமது பிள்ளைகளுக்காக உலோகப் பட்டிகளில் துளையிட்டுச் செய்த விளையாட்டுப் பொருளுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். அது 'மெக்கானோ' என்று பெயர்பெற்றது. 1920இல் அவர் ரயில்களையும் செய்யத் தொடங்கினார். இன்றும் பிரிட்டனில் மாதிரி ரயில் என்றால் ஹோர்ன்பி என்ற பெயர்தான் முதலில் வாயில் வரும்.

அக்காலத்து ரயில்கள் பெரியவை. 32 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் வளைந்து திரும்புவதற்கு ஒரு மண்டபமே வேண்டும். சாதாரண வீட்டு மேசையின்மேல் ரயில் ஓடவேண்டும் என்பதற்காக அதன் பருமனைப் பாதியாகக் குறைக்கும் முயற்சியில் முன்னின்றது, நூரெம்பேர்க் நகரின் பிங் குடும்பம். ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளராக விளங்கிய பிங் நிறுவனம் 1922இல் மேசை ரயிலை வெளியிட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெபான் பிங் பின்னர் வேறொரு நிறுவனத்தை வாங்கி, 1935இல் 'டிரிக்ஸ்' என்ற மின்சார மேசை ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் யூதர். நாஜி ஆட்சியில் நிறுவனத்தைக் கைவிட்டு 1938இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர நேர்ந்தது. கிறிஸ்மஸ் மரத்தடியில் ஓடிய சின்ன ரயிலின் வரலாற்றிலும் இருபதாம் நூற்றாண்டின் பெருங்கொடுமை தன் தடத்தைப் பதித்தே சென்றிருக்கிறது.

ரயில் சிறிதாகியபோது பிள்ளைகளின் தந்தைமார் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் முன்னரே தயாராக இருந்தார்கள். லண்டனில் 1910ஆம் ஆண்டிலேயே மாதிரி ரயில் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. உலகின் மிகப் பழையதாகக் கருதப்படும் அந்தக் கழகம் இன்றும் கிங்ஸ் குரொஸ் நிலையத்துக்கு அருகே சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. அமெரிக்காவில் 1934இல் 'மொடல் றெயில்ரோடர்' சஞ்சிகையும், அடுத்த ஆண்டு தேசிய சங்கமும் தோன்றின.

பெரியவர்கள் வந்ததும் விளையாட்டுக்குள் ஒரு கண்டிப்பு புகுந்தது. நிஜத்தில் உள்ளது போலவே இருக்கவேண்டும் என்ற கண்டிப்பு அது. இதற்கு நல்ல உதாரணம், பிரிட்டிஷ் ஆர்வலர்களிடையே பல தசாப்தங்களாக நடந்துவரும் 2.33 மில்லிமீற்றர் தகராறு. பிரிட்டனின் ரயில் இயந்திரங்கள் ஐரோப்பியக் கண்டத்து இயந்திரங்களைவிட உருவில் சிறியவை. ஆதலால் அக்கால மின் மோட்டார்கள் அவற்றின் மாதிரிகளுக்குள் அடங்கவில்லை. உற்பத்தியாளர்கள் தண்டவாளத்தை 16.5 மில்லிமீற்றரிலேயே விட்டுவிட்டு, இயந்திரத்தை மட்டும் சற்றுப் பெருப்பித்து, 76இல் ஒரு பங்கு என்ற அளவில் செய்தார்கள். அந்த அளவுக்குத் தண்டவாளம் 18.83 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். அதாவது, நான்கடி எட்டரை அங்குல நிஜப் பாதை, மாதிரியில் ஏறத்தாழ நான்கடி ஒன்றரை அங்குலப் பாதையாகச் சுருங்கிவிட்டது. சிறுவன் ஒருவன் இதைக் கவனிக்கப் போவதில்லை. பெரியவர்கள் கவனித்தார்கள். சரியான அகலத்துக்காகத் தனிச் சங்கங்கள் அமைத்தார்கள். கடையில் வாங்கிய சில்லுகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாங்களே புதிதாகச் செய்தார்கள். தண்டவாளத்தையும் ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாக வைத்துக் கையால் அமைத்தார்கள்.

நிஜத்தின்மீது இத்தனை பற்று எதற்கு? அதற்கான விடையை நான் ஒக்ஸ்போர்ட்ஷயரில் டிட்கொட் நகருக்கு அருகேயுள்ள லோங் விட்டன்ஹம் என்ற கிராமத்தில் கண்டேன். லண்டனில் வசிக்கும் என் மைத்துனர், எனது விருப்பத்தை அதிகம் கேளாமலே என்னை அங்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள பெண்டன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய ரோய் இங்கிலண்ட், 1925ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர். ரயில் பைத்தியம். ஆனால் அவர் ரயிலைத் தேடி நடந்த கிராமங்களில் வேறொன்றைக் கண்டார். நூற்றாண்டுகளாக நின்ற, வைக்கோல் வேய்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் வந்தன. அவற்றைத் தடுத்து நிறுத்த அவரிடம் பணமோ அதிகாரமோ இருக்கவில்லை. ஆகவே அளவெடுத்தார். புகைப்படம் பிடித்தார். பின்னர் மட்டையையும் வர்ணத்தையும் கொண்டு, 76இல் ஒரு பங்கு அளவில் அந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார். 1954இல் அருங்காட்சியகம் உருவானது. 1995இல் அவர் மறைந்த பின்னரும் தொண்டர்கள் அந்தப் பணியைத் தொடர்கிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் விரிந்துகிடந்த அந்தப் பள்ளத்தாக்கை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். 1920களினதும் 30களினதும் வயல்களும் வேலிகளும் தோட்டங்களும், அவற்றின் ஊடே ஓடும் ரயிலும் அங்கே இருந்தன. ஒரு வீட்டுக்கே பல நூறு மணித்தியாலங்கள் செலவாகும் என்றார் அங்கிருந்த தொண்டர். வீட்டின் ஜன்னலுக்கு உள்ளேயும், யாரும் குனிந்து பார்க்க வாய்ப்பில்லாத மூலைகளிலும்கூட தளபாடங்கள் இருந்தன. ஏன் என்று கேட்டேன். அந்த வீட்டில் அவை இருந்தனவே என்பது அவரது பதில்.

அதே அருங்காட்சியகத்தில் ஜோன் ஆஹேர்ன் என்பவரின் மாதிரி ரயில் பாதையும் பாதுகாக்கப்படுகிறது. தண்டவாளத்தைச் சுற்றி ஒரு முழு நிலப்பரப்பையே, ஊரும் ஆறும் துறைமுகமுமாக, சேர்த்துப் படைத்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவருக்குப் பின்னர் மாதிரி ரயில் என்பது ரயிலின் மாதிரியாக மட்டும் இருக்கவில்லை. ரயில் ஓடிய ஒரு காலத்தின் மாதிரியாக அது மாறியது.

அந்தக் காலமும் விரைவிலேயே விடைபெற்றது. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான பீச்சிங் அறிக்கை, பிரிட்டனில் 2,363 புகையிரத நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடும்படி சிபாரிசு செய்தது. நட்டத்தில் இயங்கிய கிராமத்துக் கிளைப் பாதைகளே பெரும்பாலும் பலியாகின. 1968 ஓகஸ்ட் மாதத்தில் பிரிட்டிஷ் றெயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி இயந்திரங்களின் வழமையான சேவை முடிவுக்கு வந்தது. மாதிரி ரயில் கண்காட்சிகளில் அதிகமாகக் காணப்படுவது எது தெரியுமா? பெரிய நகரங்களின் பிரதான நிலையங்கள் அல்ல. ஒற்றைப் பாதையின் முடிவில் ஒரு சிறு மேடை, ஒரு கைகாட்டி, ஒரு பொருள் கொட்டகை, இரண்டு பெட்டிகளுடன் காத்திருக்கும் ஒரு நீராவி இயந்திரம் ஆகியவைதான். அரசாங்கம் ஒரு கையொப்பத்தால் அழித்ததை, மனிதர்கள் தங்கள் வீட்டு மேசைகளில் திரும்பக் கட்டினார்கள்.

நினைவு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது முழுமையாகாது. இயக்குவதிலும் ஒரு இன்பம் இருக்கிறது. நேர அட்டவணைப்படி ரயில்களை அனுப்புதல், ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளை விலக்கிவிடுதல், பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்தல் எல்லாம் மூளைக்கு வேலை தருபவை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தின் மாணவர்கள், மேசைக்கு மேலே ஓடும் ரயிலைவிட மேசைக்குக் கீழே அதை இயக்கும் மின்சுற்றுகளில் மயங்கினார்கள். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் உபகரணங்களைக் கொண்டு சிக்கலான கட்டுப்பாட்டு முறையொன்றை அமைத்த அவர்களே, பின்னர் பல்கலைக்கழகத்தின் முதல் கணினிகளைச் சூழ்ந்துகொண்டவர்கள். 'ஹக்கர்' என்ற சொல் கணினி உலகுக்குள் அவர்களுடைய பேச்சு வழக்கிலிருந்தே நுழைந்தது.

பாடகர் நீல் யங்கின் கதை வேறு விதமானது. பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தமது மகன், ரயிலை யாருடைய உதவியுமின்றித் தானே இயக்கவேண்டும் என்பதற்காக, பெரிய பொத்தான் ஒன்றை அழுத்தினால் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியை அவர் உருவாக்கச் செய்தார். அந்த ஈடுபாடு அவரை 1990களில் லயனல் கம்பனியின் பங்காளியாகவே ஆக்கியது. தன் உடல் தனக்குக் கட்டுப்படாத ஒரு பிள்ளைக்கு, தன் விரல் பட்டதும் ஒரு ரயில் நகர்கிறது என்பது என்ன அர்த்தத்தைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த உலகங்கள் எளிதில் அழியக்கூடியவை என்பதையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவின் மொன்ரறே நகரில் வசித்த புகைப்படக் கலைஞர் ஜோன் அலன், தமது வீட்டின் நிலவறையில் மலைகளும் பள்ளத்தாக்குகளுமாக ஒரு ரயில் பாதையை அமைத்தார். அதன் படங்கள் சஞ்சிகைகளில் வெளியாகி ஒரு தலைமுறை ஆர்வலர்களையே உருவாக்கின. 1973 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்த சில நாட்களுக்குள் தீ விபத்து ஏற்பட்டு, அந்தப் படைப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த புகைப்படங்களே.

பொழுதுபோக்குக்கும் வயதாகிறது. மார்க்ளின் நிறுவனம் தனது 150ஆவது ஆண்டான 2009இல் வங்குரோத்து நிலையை அறிவித்து, பின்னர் 2013இல் வேறொரு விளையாட்டுப் பொருள் குழுமத்தின் உரிமையாளர்களிடம் கைமாறியது. பேர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் நடைபெற்ற பெரிய வார்லி கண்காட்சி 2023 நவம்பருடன் நின்றுபோனது. ஒழுங்கு செய்வதற்குப் போதிய தொண்டர்கள் இல்லை என்பதே காரணம். லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹட்டன்ஸ் என்ற புகழ்பெற்ற கடை, தான் மூடப்படுவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. நீராவி ரயிலைக் கண்ணால் கண்ட தலைமுறை மறைந்து வருகிறது.

மறுபுறத்தில், ஹம்பேர்க் நகரின் பழைய பண்டசாலைத் தொகுதியில் பிரெடெரிக், கெரிட் பிரவுண் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஓகஸ்டில் திறந்த 'மினியற்றூர் வுண்டர்லாண்ட்', உலகின் மிகப்பெரிய மாதிரி ரயில் காட்சியாக வளர்ந்து, ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரை ஈர்க்கிறது. இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்த அந்தச் சகோதரர்களுக்கு இந்த எண்ணம் தோன்றக் காரணம், சூரிச் நகரில் ஒருவர் தற்செயலாக நுழைந்த மாதிரி ரயில் கடை. அங்கு சிறிது நேரத்துக்கு ஒருமுறை இரவு வருகிறது. விளக்குகள் எரிகின்றன. சின்ன ஜன்னல்களுக்கு உள்ளே வாழ்க்கை தெரிகிறது. நீராவி ரயிலைக் கண்டிராத பிள்ளைகளும் அங்கே வாய் பிளந்து நிற்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எழுதும்போது, யாழ்ப்பாணத்தவனான எனக்கு எங்கள் வடபகுதிப் பாதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1905இல் கொழும்புடன் காங்கேசன்துறையை இணைத்த அந்தப் பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடியது. எங்கள் வீட்டில் அதைக் கோச்சி என்பார்கள். கோச்சி வரும் சத்தத்தைக் கேட்டு நேரம் சொல்வார் என் அப்பு. 1990 ஜூனில் அது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரைகளாயின. நிலையங்கள் சுவர்களாயின. பின்னர் சுவர்களும் இல்லாமற்போயின. 24 ஆண்டுகளின் பின்னர், இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. புதிய நிலையங்கள் அழகானவை. ரயில் வந்ததே பெரும் பாக்கியம். ஆனால் பழைய மீசாலை நிலையம் எப்படி இருந்தது, மல்லாகத்தில் கைகாட்டி எந்தப் பக்கம் நின்றது, ஓடும் இயந்திரத்துக்கு நிலைய அதிபர் நீட்டிய பிரம்பு வளையத்தின் விட்டம் என்ன என்று இன்றைய இருபது வயது இளைஞன் ஒருவன் கேட்டால், அவன் முன்னே எடுத்து வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

எவரேனும் அந்தப் பாதையை 76இல் ஒரு பங்கு அளவில் அமைக்க முனைந்தால், கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளம் உதவாது. இலங்கையின் அகலப் பாதை ஐந்தடி ஆறங்குலம். கணக்குப் பார்த்தால் மாதிரியில் அது சரியாக 22 மில்லிமீற்றர். ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாகக் கையால்தான் அமைக்கவேண்டும். அதற்குப் பொறுமையுள்ளவர்கள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஓய்வுபெற்ற எம்மவர்களிடையே இல்லாமலா போவார்கள்? அதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய அல்பங்களில் நிலைய மேடையில் நின்று எடுத்த குடும்பப் படங்கள் இருக்கும். அவற்றில் மனிதர்களுக்குப் பின்னால் தெரியும் தூணையும் கூரையையும் பெயர்ப்பலகையையும் இனிமேல் கவனித்துப் பாருங்கள். அந்தப் படத்தின் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றிய முதியவர்கள் உங்கள் உறவில் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். ரோய் இங்கிலண்ட் வீடுகளைக் கட்டத் தொடங்குவதற்கு முன்னர் செய்தது அளவெடுத்தல்தான். இடிப்பவர்கள் வருவதற்கு முன்னரே அவர் அங்கு போயிருந்தார். நாம் பிந்திவிட்டோம், ஆனாலும் அந்த மேடைகளில் நின்றவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள்.